மேலே பெயர், கீழே வாக்குமூலம்

என் இடது கைச் சுண்டுவிரல் மடங்காது. கலும்பாங்கில் ஒரு பலகைக் கடையில் வேலை செய்தபோது, கூட வேலை செய்தவன் என் கையைப் பலகை மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தான். கேட்காமல் அவன் சட்டையை எடுத்து நான் போட்டுக்கொண்டேனாம். போட்டுக்கொண்டது உண்மைதான். மறுவாரம் அவன் பற்களில் இரண்டை உடைத்துவிட்டு அன்றே ஊரை விட்டுக் கிளம்பினேன். அந்த வயதில் நான் வேலைகளை விட்டதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான்.

அந்த விரல் நன்றாக இருந்திருந்தால் நான் கம்ப்யூட்டர் விசைகளை மாற்றி வைத்திருக்க மாட்டேன். மாற்றாமல் இருந்திருந்தால் ஒரு பெண்ணின் கை உடைந்திருக்காது. ஒரு மனிதரைப் பந்துத் திடலில் கோல் கம்பத்தோடு கட்டி வைத்து அடித்திருக்கவும் மாட்டார்கள்.

எண்பதுகளின் கடைசியில் புக்கிட் ரோத்தானில் ஒரு டைப்பிங் கடையில் சேர்ந்தேன். முதலாளி முன்பு தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணியாக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கடை போட்ட பிறகும் எல்லாரும் அவரைக் கிராணி என்றே கூப்பிட்டார்கள். அடையாளக் கார்டைத் தொலைத்தவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், லேபர் ஆபீசுக்கு மனு எழுத வேண்டியவர்கள் என்று சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். நான் இரண்டாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ரவாங்கில் ஒரு லோரி கம்பெனியில் டெலிவரி சீட்டு அடித்துப் பழகியதில் மலாய் டைப்பிங் வேகமாக வரும்.

கிராணி கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீசிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தார். கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்து. கடிதம் அடிக்கிற புரோகிராம் ஒரு டிஸ்க்கில் இருந்தது. அதோடு போட்டோஸ்டாட் எடுத்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் வந்தது. ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் இடது ஓரத்தில் உள்ள கண்ட்ரோல் விசையைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டு மற்ற விரல்களால் இரண்டு எழுத்தை அடிக்க வேண்டும். என் சுண்டுவிரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஆத்திரத்தில் ஒருநாள் கீபோர்டை மேசையில் ஓங்கி அடித்தேன். கிராணி ரூல்தடியால் என் முதுகில் ஒன்று வைத்தார்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியில், விசைகளை நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தது. ஒரு வாரம் அதிலேயே கிடந்தேன். இடதுபக்கம் வரிசையாக இருந்த எஃப் விசைகளில் மூன்றாவதைத் தட்டினால் தேடும், நான்காவதைத் தட்டினால் மாற்றிப் போடும், ஆறாவதைத் தட்டினால் மேலிருந்து கீழே தாண்டும் என்று அமைத்தேன். ஒரு விரல் போதும்.

கிராணி வந்து உட்கார்ந்து தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"சார், தேடுறதுக்கு இனிமே இந்தப் பக்கம் அமுக்கணும்."

"மிஷினு என்னுது. பட்டன் மட்டும் ஒன்னுதா?"

முத்திரை மைப்பெட்டி என் நெற்றியில் வந்து விழுந்தது. ஆனால் மறுநாள் அவரும் எஃப் மூன்றைத் தட்டப் பழகிக்கொண்டார்.

திரையை இரண்டாகப் பிரிக்கலாம் என்பதையும் கண்டுபிடித்தேன். மேலே ஒரு ஜன்னலில் ஒரு கோப்பு, கீழே ஒரு ஜன்னலில் இன்னொன்று. பாதிக்குப் பாதி வைத்துப் பார்த்தேன், சரிப்படவில்லை. மேலே எட்டு வரி, கீழே பதினைந்து வரி என்று வைத்தேன், கண்ணுக்கு இதமாக இருந்தது. படுக்கப் பாய்கூடச் சொந்தமாக இல்லாத நான் அந்தத் திரையை ஒரு வீடு மாதிரி ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன்.

அப்போதுதான் கம்போங் குவாந்தான் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெட்டுக்குத்து நடந்தது. பழம் வெட்டும் வேலையை நிர்வாகம் வெளி காண்டிராக்டர் ஒருவனிடம் கொடுத்திருந்தது. அவன் ஆட்களுக்கு டிராக்டரைக் கொடுக்க மாட்டேன் என்று தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர் சொல்லிவிட்டார். மறுநாள் விடிகாலைப் பெரட்டில், ஆட்கள் எல்லாம் வேலைக்குப் பெயர் கொடுக்க வரிசையாக நிற்கும்போது, காண்டிராக்டரின் தம்பி பாராங் கத்தியோடு வந்தான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது வெட்டைத் தடுக்க ஓட்டுநர் வலது கையைத் தூக்கினார். கை மணிக்கட்டுக்கு மேலே துண்டாகித் தோலில் தொங்கியது. வேலை வாங்குகிற மண்டோர் கையிலிருந்த பெயர்ப் புத்தகம் முழுக்க ரத்தம். நூறு பேர் நின்றார்கள். போலீஸ் வந்தபோது ஒருவரும் எதையும் பார்க்கவில்லை.

தம்பிக்காரன் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசைகளில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்ச் சத்தமாகவே சொன்னான்: "எவன் வாயத் தொறக்குறானோ அவன் கையும் அந்தக் கையோட சேந்து கெடக்கும்."

வாயைத் திறந்த முதல் ஆள் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி மருந்தடிக்கிற வேலை. புருஷன் இல்லை. மத்தியானம் கடைக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"என் கண்ணு முன்னால வெட்டுனான், கிராணி. ரத்தம் என் சட்டையில பட்டுச்சு. நான் பாக்கலன்னு சொன்னா நான் என்னா குருடியா?"

அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் வந்தார்கள். ஏழாவதாக வந்தவர் பழம் வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவருடைய தங்கையைக் காண்டிராக்டர் வீட்டுச் சொந்தத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதனால் அவர் வந்தது கிராணிக்கே ஆச்சரியம். வாக்குமூலத்தின் கீழே பெருவிரலை அழுத்தி ரேகை வைத்துவிட்டு, மையைச் சுவரில் துடைத்துக்கொண்டு போனார்.

ஏழு பேரும் தமிழில் சொன்னதைக் கிராணி கையால் எழுதினார். நான் அதை மலாயில் அடித்தேன். ஒரே வெட்டை ஏழு பக்கத்திலிருந்து அடித்தேன். கை எப்படித் தொங்கியது என்று ஒருவர். ஓட்டுநர் உட்கார்ந்து இடது கையால் வலது கையைப் பிடித்துப் பழைய இடத்தில் பொருத்திப் பார்த்தார் என்று ஒருவர். நான் அடிபட்டவன், அடித்தவன். ஆனாலும் அதை டைப் அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது.

வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்வரை பெயர்கள் வெளியே தெரியக்கூடாது என்று ஓட்டுநர் பக்கத்து வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வாக்குமூலங்களில் பெயருக்குப் பதிலாக ஏ, பி, சி என்று எழுத்து மட்டும். எந்த எழுத்து யார் என்கிற பட்டியல் தனிக் கோப்பில். எனக்கு அது பிடித்த வேலையாகப் போயிற்று. மேல் ஜன்னலில் ஏழு பெயர், கீழ் ஜன்னலில் வாக்குமூலம். எஃப் மூன்றைத் தட்டிப் பெயரைக் கொடுத்தால் மேலே அந்தப் பெயரில் போய் நிற்கும், கீழே அந்த ஆளின் வாக்குமூலம் திறக்கும். கம்ப்யூட்டரைப் போட்டதும் நேற்று விட்ட இடத்திலேயே இரண்டு ஜன்னலும் தானாகத் திறக்கவும் வழி செய்தேன்.

"வேல முடிஞ்சா அந்தப் பேரு இருக்குற டிஸ்க்க எடுத்து டிராயர்ல வெச்சுப் பூட்டுடா" என்று கிராணி தினமும் சொல்லுவார். டிஸ்க்கை எடுத்துவிட்டால் காலையில் என் ஜன்னல்கள் திறக்காது. அதனால் நான் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை கிராணி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். முப்பது வயதுள்ள ஒருவன் கடைக்குள் வந்தான். சலவைச் சட்டை, சிரித்த முகம்.

"தம்பி, கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் பெர்மிட் லெட்டர் ஒண்ணு அடிக்கணும்லா."

"எந்தக் கோயில்ணே?"

"நான் ரவாங்கு. இங்க மாமியா ஊடு."

கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டு ஜன்னலும் திறந்தன. உடனே மூடியிருக்க வேண்டும். அவன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

"அதென்ன, டிவில ரெண்டு பொட்டி தெரியுது?"

"அது நான் செஞ்சதுண்ணே. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. தேடுறது, தாண்டுறது எல்லாம் ஒரே பட்டன்."

"நீயே செஞ்சியா? படிச்ச புள்ளையா நீ?"

"ரெண்டாம் பாரம்."

"சும்மா சொல்லாத. இதெல்லாம் யூனிவர்சிட்டி போனவன் வேல."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. காது சூடாகிவிட்டது.

"எந்தப் பேரு குடுத்தாலும் தேடுமா?"

"எந்தப் பேரும்."

அவன் ஒரு பெண் பெயரைச் சொன்னான். தோட்டத்துக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர். அவன் பெண்டாட்டி பெயராக இருக்கும், இல்லை என்று காட்டப்போகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். அந்த நிமிடம் பட்டியல் என் நினைவிலேயே இல்லை. பட்டன் வேலை செய்வதைக் காட்ட வேண்டும், அது ஒன்றுதான் இருந்தது. பெயரை அடித்து எஃப் மூன்றைத் தட்டினேன்.

மேல் ஜன்னலில் முதல் வரியில் போய் நின்றது. கீழே ஏ என்று தொடங்கும் வாக்குமூலம் திறந்தது.

"இருக்குலா" என்றான் அவன். எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டான். "நல்ல மிஷினு."

"லெட்டருண்ணே?"

"அடிச்சு வையி. அப்பறமா வர்றேன்."

கோயில் பெயரைக்கூட அவன் சொல்லவில்லை என்பது அவன் போன பிறகுதான் உறைத்தது. டிஸ்க்கை உருவி டிராயரில் வைத்துப் பூட்டினேன். பத்துப் பேருக்கு இருக்கிற பெயர்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் துணிப் பையை மடித்துக்கூட வைத்தேன். ஆனால் கிளம்பவில்லை. கிளம்பினால் செய்தது நான்தான் என்று ஆகிவிடும். கிராணியிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை செம்பனைக் காட்டில் இரண்டு பேர் முதலில் வாயைத் திறந்த அந்த அக்காவை வழிமறித்தார்கள். கையில் இரும்புக் குழாய். அவர் முதுகில் பம்பு நிறைய மருந்து இருந்தது. முதல் அடி விழுந்ததும் அவர் ஓடவில்லை. பம்புக் குழலைத் திருப்பி எதிரே நின்றவன் முகத்தில் மருந்தை அடித்தார். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு வாய்க்காலில் விழுந்து கத்தினான். மற்றவன் அவர் முழங்கைக்குக் கீழே எலும்பு உடைகிற வரைக்கும் அடித்துவிட்டு, விழுந்தவனை இழுத்துக்கொண்டு ஓடினான்.

கிராணி கோப்பிக் கடையில் கேள்விப்பட்டு ஓடி வந்தார்.

"டிஸ்க்கு எங்கடா?"

"டிராயர்ல இருக்கு, சார்."

டிராயரைத் திறந்து பார்த்தார். இருந்தது. "அப்ப நம்ம பக்கம் இல்ல. அங்கயே எவனோ காட்டிக் குடுத்துட்டான்" என்றார். நான் டிராயரைத் தள்ளி மூடினேன்.

புதன்கிழமை மத்தியானம் அந்த அக்காவே கடைக்கு வந்தார். கையில் மாவுக்கட்டு. நெற்றியில் நாலு தையல். இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"ஏழு வேணாம் கிராணி, ஆறு போதும். கடைசியா வந்தவன் இருக்கான்ல, அவன் எழுதுனதக் கிழிச்சுப் போட்டுரு."

"ஏன்?"

"அவன்தான் காட்டிக் குடுத்தான். தங்கச்சி ஊட்டுப் பக்கம் சாஞ்சுட்டான். எங்க ஏழு பேருக்குள்ளதான அந்தப் பேச்சு? வேற யாரு சொல்லுவா?"

"அவன் ஒத்துக்கிட்டானா?"

"நேத்து சாயங்காலம் கோல் போஸ்ட்ல கட்டி வெச்சுக் கேட்டோம். பெல்ட்டால கேட்டோம், கட்டையால கேட்டோம். இல்ல இல்லன்னே சொன்னான். ரெண்டு தடவ மயங்கிட்டான். நாளைக்கிச் சாமான எல்லாம் வெளியில தூக்கிப் போட்டு லயத்த விட்டு வெரட்டப் போறோம். பொண்டாட்டி அழுவுறா. அழுவட்டும்."

கிராணி என்னைப் பார்த்தார். "எடுத்துருடா."

டிஸ்க்கைப் போட்டேன். எஃப் மூன்றைத் தட்டி அந்த மனிதர் பெயரைக் கொடுத்தேன். மேலே கடைசி வரியில் நின்றது. கீழே அவர் வாக்குமூலம் வந்தது. ஏழு பேரில் அவர் ஒருவர்தான் தானும் தடுக்கப் போனதாகவும், பயந்து பின்வாங்கியதாகவும் சொல்லியிருந்தார். மற்றவர்கள் யாரும் தங்களைப் பற்றி அப்படிச் சொல்லவில்லை.

அழிக்கிற விசையின் மேல் விரல் இருந்தது.

"அவரு இல்லக்கா" என்றேன். "நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். கிராணி எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தார். அது எதிர்பார்த்ததுதான். அந்த அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு நல்ல கையால் கீபோர்டைப் பிடுங்கி என் வாயில் அடித்தார். கீழுதடு பிளந்தது. விசைகள் இரண்டு தரையில் உருண்டன.

"இங்க சொல்லி என்னா? அங்க வந்து சொல்லு."

பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். இடையில் இறங்கி ஓடியிருக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த நினைப்பு வந்தது.

திடலுக்குப் போனபோது வேலை விட்டு வந்த ஆண்கள் ஒரு பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். கோல் கம்பத்தில் கயிறு இன்னும் தொங்கியது.

"காட்டிக் குடுத்தது இவன். அவரு இல்ல" என்றார் அக்கா. மத்தியானம் வரை அவன், இப்போது அவரு.

பிறகு ஒருவர், "எப்படிடா காட்டிக் குடுத்த?" என்றார். ஜன்னல்களைப் பற்றியும் விசைகளைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை.

"மேல பேரு இருக்குமாம், கீழ பேச்சு இருக்குமாம். மிஷினு மேல பழிய போடுறான் பாருலா."

"எவ்ளோ டுயிட்டு வாங்குன?"

"காசு ஒண்ணும் வாங்கல."

"ஓசியிலயாடா காட்டிக் குடுத்த?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு முதல் உதை வயிற்றில் விழுந்தது. நான் சண்டைக்காரன். வழக்கமாக விழும்போதே ஒருவன் காலைப் பிடித்துச் சாய்த்துவிடுவேன். அன்று பிடிக்கவில்லை. முட்டியை மடக்கித் தலையைப் பொத்திக்கொண்டு படுத்தேன். விலாவில் ஒரு எலும்பு முறிந்த சத்தம் எனக்குள்ளேயே கேட்டது. நேற்று ஒரு குற்றமும் செய்யாத ஆளை அடித்த ஆத்திரமும் சேர்ந்து விழுந்தது. இன்னொருவனுக்குச் செய்த தப்பின் வெட்கத்தையும் சேர்த்து அடிக்கும்போது கை கனமாக இறங்கும். நானும் அப்படி அடித்திருக்கிறேன்.

நிறுத்தியது அந்த ஏழாவது ஆள். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. முதுகில் சட்டை ஒட்டியிருந்ததால் குனிய முடியவில்லை.

"நீயே அடிண்ணே" என்று ஒருவன் தன் பெல்ட்டை அவர் கையில் கொடுத்தான். "ஒன் கையால அடி. அப்பத்தான் மனசு ஆறும்."

அவர் பெல்ட்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இவன் வந்து சொன்னான்" என்றார். "நீங்க எவனாச்சும் எங்கிட்ட வந்து ஏதாச்சும் சொன்னீங்களா?"

பெல்ட்டைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். கதவு சாத்தும் சத்தம் திடல் வரைக்கும் கேட்டது.

என்னைத் தூக்கிக்கொண்டு போய், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டாயில் போட்டார்கள். யாரோ தலைமாட்டில் தண்ணீர் வைத்தார்கள். அந்த வழக்கு பிறகு ஆறு சாட்சிகளோடு நடந்ததாகவும், வெட்டியவன் உள்ளே போனதாகவும் கேள்விப்பட்டேன். அப்போது நான் தைப்பிங்கில் வேறு வேலையில் இருந்தேன்.

மறுநாள் காலையில் மூச்சு விட வலித்து எழுந்து உட்கார்ந்தபோது அந்த ஏழாவது மனிதர் வீட்டு முன்னால் ஒரு சிறிய லோரி நின்றது. சாமான்களை வெளியே தூக்கிப் போட யாரும் வரவில்லை. அவரே ஏற்றிக்கொண்டிருந்தார். வரிசையில் மற்ற வீடுகளின் கதவுகள் திறந்திருந்தன, ஆட்கள் உள்ளேயே இருந்தார்கள். அவர் ஒரு பெட்டியைத் தூக்குவார், முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அடுத்ததைத் தூக்குவார்.

மாவுக்கட்டுக் கையோடு அந்த அக்கா வந்தார். வாசலில் இருந்த அரிசி டின்னை நல்ல கையால் தூக்கிக்கொண்டு போய் லோரியில் வைத்தார். அந்த மனிதர் பார்த்தார். நடந்து போய் அந்த டின்னை இறக்கி மண்ணில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கினார். பிறகு அதே டின்னைத் தானே தூக்கி லோரியில் ஏற்றினார்.